பில்லில் ஒரு வரியை அடிக்க யாருக்கு அதிகாரம்?

தமிழ்நாட்டின் உணவக உரிமையாளர்களுக்கும் கிளை மேலாளர்களுக்கும்,

காசு கொடுத்துச் சாப்பிட்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். சமையல் ஒரு நாள் சொதப்பும். மாஸ்டர் லீவு போட்டிருப்பார், கேஸ் தீர்ந்திருக்கும், காலையில் வந்த மீன் சரியில்லாமல் போயிருக்கும். அடுப்படியில் நின்ற எவருக்கும் இது தெரியும். அதற்காக யாரும் உட்கார்ந்து மடல் எழுதுவதில்லை. ஆனால் பண்டம் கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டு, அதன் விலையைப் பில்லிலிருந்து எடுக்கும் அதிகாரம் உள்ள ஓர் ஆள்கூட உங்கள் கூடத்தில் இல்லை. என் புகார் இதுதான். கூடம் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள். யூனிஃபார்ம், பேட்ஜ், காதில் ஒரு கருவி, கையில் ஒரு டேப்லெட். எதுவும் அவர்களால் ஆகாது.

அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்ததை ஒட்டி, திருச்சியில் ஓர் ஏ.சி. குடும்ப உணவகத்துக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். போட்டால் மற்ற எல்லாரும் "அது நாம இல்லப்பா" என்று மடலைக் கீழே வைத்துவிடுவீர்கள். முதல் நாளே போன் செய்து மேசை சொல்லி வைத்திருந்தோம். போனபோது அந்த மேசையில் வேறு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

உள்ளே போன பிறகு நடந்ததுதான் கதை. நான் ரொட்டி வந்தது, கிரேவி வரவில்லை. கிரேவி வந்தபோது ரொட்டி வார் மாதிரி ஆகிவிட்டிருந்தது. சூப் கடைசியில் வந்தது. பிள்ளைகளுக்குக் காரமே இல்லாமல் என்று இரண்டு தடவை சொல்லி வாங்கிய ஃப்ரைடு ரைஸை என்னாலேயே சாப்பிட முடியவில்லை. அம்மாவுக்குப் பல்செட். மென்மையாக இருக்கும் என்று இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் சொல்லியிருந்தோம். இடியாப்பம் ஓரமெல்லாம் காய்ந்து ஈர்க்குச்சியாக நின்றது. பாயா ஆறிப்போய் மேலே கொழுப்பு உறைந்திருந்தது. மீன் குழம்பைத் திறந்ததும் வாடை. ஒரு வாய் வைத்துவிட்டு என் கணவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

பரிமாறிய பையன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன். இருபது வயதிருந்தால் அதிகம். தமிழ் பாதி, இந்தி பாதி. சொன்னவுடன் அவன் முகம் மாறிவிட்டது. மோந்து பார்த்தான், அவனுக்கும் தெரிந்துவிட்டது. "கேப்டன்கிட்ட சொல்றேன் மேடம்" என்று ஓடினான். கேப்டன் வர அவருக்குத் தோதான நேரம் ஆயிற்று. வந்தவர் கிண்ணத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது எங்க ஸ்டைல் மேடம். எல்லாரும் விரும்பித்தான் சாப்பிடுறாங்க." மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்றேன். "கே.ஓ.டி. போட்டாச்சு. சிஸ்டத்துல கேன்சல் பண்ணணும்னா மேனேஜர் பாஸ்வேர்டு வேணும்." (கே.ஓ.டி. என்பது அடுப்படிக்குப் போகும் ஆர்டர் சீட்டு.) மேனேஜர்? இன்னொரு பிராஞ்சில். போன்? எடுக்கவில்லை. ஓனர்? அவர் கடைக்கு வந்தே பல மாதம் ஆகிறதாம்; மாலையில் கேமராவில் பார்ப்பாராம்.

அந்தக் கடைசிச் செய்திதான் என்னை இந்த மடலுக்கு இழுத்து வந்தது. ஐயா, கேமராவில் வாடை தெரியாது.

கை கழுவப் போன இடத்தில் அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான்: "கேன்சல் ஆனா எங்க சம்பளத்துல கட் பண்றாங்க மேடம்." அதற்குப் பிறகு மீன் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு மனம் வரவில்லை. பில்லில் அது முழு விலைக்கு இருந்தது. அதற்குக் கீழே ஐந்து சதவீதம் சேவைக் கட்டணம். அந்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. பில்லோடு ஓர் அட்டையும் வந்தது, கியூ.ஆர். கோடு போட்டது. ஐந்து நட்சத்திரம் போட்டால் பாயசம் இலவசம். பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ரிவ்யூல என் பேர் போடுங்க மேடம்." பெயர் வந்தால் அவனுக்கு மாதக் கடைசியில் ஏதோ கிடைக்குமாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். அந்த இரவில் எங்கள் கோபம் முழுவதையும் வாங்கிக்கொண்டவன், அந்தக் கட்டடத்திலேயே அதிகாரம் மிகக் குறைந்தவன். அதிகாரம் முழுவதும் இருந்தவர் வேறு ஊரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஏற்பாட்டைச் செய்தது நீங்கள். தானாக வந்ததில்லை. கே.ஓ.டி.க்குப் பாஸ்வேர்டு வைத்தவர் நீங்கள். ரத்தானால் யார் தலையில் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தவர் நீங்கள். திருட்டைத் தடுக்கத்தான் வைத்தோம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பில்லில் ஐட்டத்தை ரத்து செய்துவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ஆட்கள் இந்தத் தொழிலில் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு வாடிக்கையாளரையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே இதற்கு எல்லை போட்டது. ஊழியரின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பாக இருக்க வேண்டும், அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், அதன் பிறகுதான் பிடிக்கலாம். மீன் கெட்டதில் பரிமாறிய பையனின் அலட்சியம் எங்கே இருக்கிறது? அவன் மீன் வாங்கவுமில்லை, வைக்கவுமில்லை, கொதிக்க விடவுமில்லை. தூக்கிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் சேவைக் கட்டணம். தமிழ்நாட்டில் எல்லாரும் வாங்குவதில்லை என்பது உண்மை. பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளுக்கு இந்தப் பழக்கமே கிடையாது. வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கக் கூடாது, இதைச் சேர்த்த தொகையின் மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது என்று வரிவரியாக இருக்கிறது. உங்கள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லி, மனுதாரர் சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. மேல்முறையீட்டுக்கும் போயிருக்கிறீர்கள், போகலாம், உங்கள் உரிமை. அது முடியும்வரை என் பில்லில் அந்த வரி எதற்கு?

நீதிமன்றம் என்றவுடன் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் தொழில் நீதிமன்றங்களில் என்னென்ன சொல்லி வென்றிருக்கிறது என்று பாருங்கள். உணவகத்தில் சாப்பாடு பரிமாறுவது விற்பனை ஆகாது, அது சேவை, அதனால் விற்பனை வரி கிடையாது என்று ஒரு டெல்லி வழக்கில் வாதாடி 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அதைச் சரிக்கட்ட 1982-ல் அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அது 46-ஆவது திருத்தம். அப்புறம் தண்ணீர் பாட்டில். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் நீங்கள் விற்பது சரியா என்ற வழக்கில், உணவகத்துக்கு வருகிறவர் வெறும் தண்ணீர் வாங்க வருவதில்லை, அங்கே கிடைக்கும் சேவையும் சூழலும் சேர்ந்ததே அந்த விலை என்ற வாதத்தை வைத்தீர்கள். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்றைய ஜி.எஸ்.டி. சட்டத்திலும் உணவகச் சாப்பாடு சேவை என்ற கணக்கில்தான் வருகிறது. பல பில்களில் 996331 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும், அது சேவைகளுக்கான பட்டியல் எண்.

ஆக, வரி கட்ட வேண்டும் என்றால் சேவை. தண்ணீரைக் கூடுதல் விலைக்கு விற்க வேண்டும் என்றால் சேவை. கிண்ணத்தில் வாடை அடிக்கிறது, யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் "கே.ஓ.டி. போட்டாச்சு." நாற்பது வருடமாக நீதிபதிகள் முன்னால் நிறுத்திய அந்தச் சேவையை ஒரு தடவை எங்கள் மேசைக்கு முன்னாலும் நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் செய்வோம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 19 கிலோ சிலிண்டர் விலை முதல் தேதி ஆனால் என்ன ஆகுமோ என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பரில் ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதமாகக் குறைந்தபோது உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது, வாடகைக்கும் ஏ.சி.க்கும் பாத்திரத்துக்கும் கட்டும் வரியைத் திரும்பப் பெற வழியில்லை. ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தவர் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பொங்கலுக்குத் திரும்பினாலே அதிர்ஷ்டம். ஆப் நிறுவனங்கள் எடுக்கும் கமிஷன் வேறு. விரலைச் சொடுக்கி "டேய் தம்பி" என்று கூப்பிடும் வாடிக்கையாளர்களையும் பார்த்திருக்கிறேன். முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு உப்பு கூடுதல் என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேறொரு மடல் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

ஆனால் ஆப் விஷயத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. அன்று நாங்கள் காத்திருந்த அரைமணி நேரத்தில் பார்சல் கவுண்டரில் பைகள் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. சிவப்புச் சட்டையும் ஆரஞ்சுச் சட்டையுமாகப் பையன்கள் வரிசையில். ஆப்பில் வரும் ஆர்டருக்குக் கடிகாரம் ஓடுகிறது. தாமதமானால் ரேட்டிங் இறங்கும், ரேட்டிங் இறங்கினால் பட்டியலில் கீழே போய்விடுவீர்கள். அதனால் அடுப்படியில் அந்தச் சீட்டுக்கு முன்னுரிமை. மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கடிகாரம் இல்லை. எழுந்து போக மாட்டோம் என்ற நம்பிக்கை, முக்கியமாகக் கூட வயதானவர்களும் பிள்ளைகளும் இருந்தால். கண்ணுக்குத் தெரியாத வாடிக்கையாளருக்குப் பயப்படுகிறீர்கள், கண்ணெதிரே இருப்பவரைக் காக்க வைக்கிறீர்கள். சூப் கடைசியில் வந்த காரணம் எனக்கு அப்போது புரிந்தது. யாரோ ஒருவர் வீட்டுக்கு எங்கள் சூப் முதலில் போயிருக்கும்.

அந்த நட்சத்திர அட்டையும் இதே வகைதான். சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்பது நல்ல வழக்கம். அந்தக் கேள்வியை மேசையில் கேட்டால் பதில் உங்களுக்குப் பயன்படும். குழம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே அடுப்படிக்குப் போகும். நீங்களோ பாயசத்தைக் காட்டி நட்சத்திரம் வாங்குகிறீர்கள். அந்த நட்சத்திரத்தைப் பார்த்து இன்னொரு குடும்பம் வருகிறது. அவர்களுக்கும் அதே இடியாப்பம். இதில் ஒரு பையனின் மாதக் கடைசி ஊக்கத்தொகையை வேறு கட்டி வைத்திருக்கிறீர்கள். குறை சொன்னால் அவன் வயிற்றில் அடித்த மாதிரி இருக்கும் என்று எங்களை நினைக்க வைக்கும் ஏற்பாடு இது. நல்ல மனம் உள்ள வாடிக்கையாளர் வாயை மூடிக்கொள்வார். உங்களுக்கு உண்மை வந்து சேராது.

பழைய காலம் பொற்காலம் என்று பாட வரவில்லை. பழைய ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்கே தனி அறைகள் இருந்தன. திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவைக்கப் பெரியார் 1957-ல் மறியல் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. மேசை துடைத்த சிறுவர்கள் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். காசு வாங்கும்போது முகத்தைப் பார்த்தார். "என்ன, சாப்பாடு சரியில்லையா?" என்று கேட்டார். சரியில்லை என்றால், "தோசைக்குக் காசு வேண்டாம், காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்ல அவருக்கு யாருடைய பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. உடுப்பியிலிருந்து சென்னைக்கு வந்து உட்லண்ட்ஸைத் தொடங்கிய கிருஷ்ண ராவ் ஓட்டல் அடுப்படியில் எடுபிடி வேலையில் ஆரம்பித்தவர். அப்படிப்பட்டவர்கள் கல்லாவில் உட்கார்ந்தபோது எந்தப் பண்டம் எப்போது கெடும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. கதீட்ரல் சாலையில் அவர்களுடைய டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. ஆனாலும் அங்கே காரில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றிச் சென்னைக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி மூழ்குமளவுக்குச் சாம்பார் ஊற்றுவதைச் சொல்லாத ஆளில்லை. வாளியைத் தூக்கிவரும் சர்வர் இன்னும் ஒரு கரண்டி ஊற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதுவும் ஓர் அதிகாரம்தான், கரண்டியளவு அதிகாரம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் ஒரு நாள் சால்னா அடிப்பிடித்துவிட்டது. தட்டோடு கொண்டுபோய்க் காட்டினேன். மாஸ்டர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "ஆமாக்கா, அடிப்பிடிச்சுருச்சு. முட்டைக்குழம்பு ஊத்தவா? இதுக்குக் காசு வேணாம்." அந்தக் கடையில் ஏ.சி. இல்லை, மெனு கார்டு இல்லை, சுவரில் விருந்தோம்பல் அதிகாரத்துக் குறளும் இல்லை. (நாங்கள் போன இடத்தில் இருந்தது. பொன் எழுத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, வாஷ்பேசினுக்கு மேலே.) அந்த மாஸ்டர் கூலிக்கு வேலை செய்பவர்தான். கடைக்காரர் அவரை நம்பினார். வித்தியாசம் அங்கேதான்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் எண்ணமில்லை; ஆனால் வாடிக்கையாளரிடம் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று சந்தேகம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. விழுப்புரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நினைவு நாள் ஒன்றுக்காக ஒருவர் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். பட்டியலில் இருந்த ஊறுகாய் பார்சலில் இல்லை. ஊறுகாய் ஒன்று ஒரு ரூபாய். 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், கடைக்காரர் கொடுக்கவில்லை. 2024-ல் நுகர்வோர் ஆணையம் இழப்பீடு, செலவு, ஊறுகாய் விலை எல்லாம் சேர்த்து 35,025 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

அந்தச் செய்தி வந்தபோது ஊரெல்லாம் சிரித்தார்கள். ஊறுகாய்க்கு முப்பத்தைந்தாயிரமா என்று மீம் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 35 ஆயிரமும் ஊறுகாயின் விலை அல்ல. கேட்ட அன்றே கல்லாவில் இருந்தவர் 25 ரூபாயை எடுத்துக் கொடுத்திருந்தால் வழக்கே இல்லை. கொடுக்க மனமில்லையோ, கொடுக்க அனுமதியில்லையோ, யாருக்குத் தெரியும். அந்த மனிதர் நீதிமன்றத்துக்கு நடந்ததன் விலை அது.

எல்லாரும் அப்படி நடக்க மாட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் பில்லைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம். பிறந்தநாள் அன்று சண்டை எதற்கு என்று அம்மா சொன்னார், அதுவும் சரிதான். வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டோம். அப்புறம் உறவுக்காரர் ஒருவர் திருச்சியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், அந்தக் கடையைத் தவிர மற்றதைச் சொல்வோம். உங்கள் கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு வரி கிடையாது. மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஏன் டல்லடிக்கிறது என்று ஆடிட்டரைக் கேட்பீர்கள். அவர் சிலிண்டர் விலையைச் சொல்வார்.

எனவே கேட்கிறேன். உங்கள் கூடத்தில் பரிமாறும் ஒவ்வொருவருக்கும், மேசைக்கு ஒரு பண்டத்தை, முந்நூறு ரூபாய்வரை, தன் பொறுப்பில் பில்லிலிருந்து அடிக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். கேப்டனிடம் கேட்காமல், பாஸ்வேர்டு இல்லாமல். அடித்ததற்குக் காரணத்தை ஒரு நோட்டில் எழுதட்டும்: "மீன் வாடை", "இடியாப்பம் காய்ந்தது". அந்தத் தொகையைக் கடை ஏற்க வேண்டும், அவன் சம்பளத்தைத் தொடக் கூடாது. தட்டில் முக்கால்வாசி மிச்சம் இருந்தால்தான் அடிக்கலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகச் சாப்பிட்டுவிட்டு அழுகிறவர்கள் அத்தோடு நிற்பார்கள். நண்பனுக்கு ஓசியில் போடுவான் என்று பயமா? மூலைக்கு மூலை கேமரா வைத்திருக்கிறீர்களே, அதற்காவது அது உதவட்டும். ஒரே ஆள் தினமும் அடித்தால் நோட்டே காட்டிக்கொடுக்கும். தினமும் ஒரே பண்டம் அடிபட்டால் அடுப்படியில் எங்கே கோளாறு என்று அதே நோட்டு சொல்லும். இந்தத் தகவலுக்காக ஆலோசகர்களுக்குக் காசு கொடுக்கிறீர்கள். இது முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் விருந்தினர் ஒருவரின் குறையைத் தீர்க்க ஊழியர் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர்வரை செலவு செய்யலாம் என்ற விதி ஓட்டல் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பிள்ளைகள் ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தபோது அவர்களுக்குப் பாடமாகவே வந்திருக்கும். அது பணக்கார ஓட்டல், நமக்கு ஒத்துவராது என்றால், பரோட்டாக் கடை மாஸ்டரைப் பாருங்கள். நடுவில் இருக்கும் உங்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

மொழி ஒரு தடையாக இருக்கும், தெரியும். அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு "சிக்கன் 65", "பட்டர் நான்", "பில் வேணுமா" என்பதோடு பாடத்தை முடித்துவிடுகிறீர்கள். "மன்னிச்சுக்கோங்க, மாத்திக் கொண்டு வர்றேன்" என்ற ஒரு வாக்கியத்தையும் கற்றுக்கொடுங்கள். அதைச் சொன்னால் சம்பளம் குறையாது என்பதையும் அவர்கள் மொழியிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பையன் மோந்து பார்த்தவுடன் அதைத்தான் சொல்ல நினைத்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

நட்சத்திர அட்டைகளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சேவைக் கட்டணத்தை இன்றே நிறுத்துங்கள். டிப்ஸ் கொடுப்பவர்கள் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுத்துக்கொள்வார்கள், அதுவாவது அவருக்குப் போய்ச் சேரும். மாதத்தில் ஓரிரு இரவாவது சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் கடைக்கே போய், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, ஓர் இடியாப்பம் சொல்லிப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அந்த முந்நூறு ரூபாயை மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். அடித்த தொகை எவ்வளவு, திரும்ப வந்த குடும்பங்கள் எத்தனை என்று இரண்டையும் எழுதி வையுங்கள். நஷ்டம் என்று உங்கள் கணக்கு சொன்னால் நிறுத்திவிடுங்கள், நான் இன்னொரு மடல் எழுத மாட்டேன்.